நடக்கிற காலுக்கு இது போதும்

ஜனவரி 11

பொத்தானுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். காது மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் மந்தம். நீ, மாப்பிள்ளை, உள்ளே புதிதாகக் குடிவந்திருக்கும் ஆள், மூன்று பேரும் சௌக்கியம்தானே? காலை வாந்தி நின்றதா? போனில் கேட்டால் நீ என்ன சொன்னாலும் எனக்கு மெஷின் ஓடுகிற சத்தமாகத்தான் கேட்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்தியவன் காது வேறு எப்படி இருக்கும்? நமக்குக் கடிதம்தான் வசதி.

கடை வரிசையை இடித்துவிட்டார்கள். சாலை அகலமாகிறதாம். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். நம் கடை விழுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மனசு விட்டுப்போயிற்று, பொய் சொல்வானேன். அதற்கப்புறம் வீட்டைவிட்டு வெளியே போகவே பிடிக்கவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது, ஜூலை நடுவில் பிரசவம் என்று. அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு போய், இடித்தவரிடம் பேசி, நம் கடையின் பின்சுவர்ச் செங்கல்லை இரண்டு வண்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்து பார்த்தாள். "என்னடா இது, கோட்டை கட்டப் போறியா?" என்றாள். அக்காக்களுக்குத் தம்பிக்கு எத்தனை வயசானாலும் 'டா'தான். கோட்டை இல்லை, தரை போடப் போகிறேன் என்றேன். முன் அறைச் சிமெண்டுத் தரை உனக்குத்தான் தெரியுமே, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. டைல்ஸ் போடலாம், ஆனால் ஈரக் கால் பட்டால் வழுக்கும். அத்தை போன வருஷம் அதில் விழுந்து கையை உடைத்துக்கொண்டவள், அவளாலேயே மறுக்க முடியவில்லை. செங்கல் தரை வழுக்காது. ஒரு குழந்தை தவழ, விழ, எழுந்து ஓட அதைவிட நல்ல தரை கிடையாது.

மே கடைசியில் இங்கே வந்துவிடு. பிரசவம் இங்கேயே ஆகட்டும். அதுவரை மாசம் ஒரு தரம் உன் இடுப்பளவை எழுது. கடை போனாலும் மெஷின் வீட்டில்தான் இருக்கிறது. தளர்வாக நாலு உடுப்பு தைத்துத் தருகிறேன். கடையில் விற்கிற கர்ப்பிணி உடுப்பெல்லாம் மூட்டைக்கு உறை போட்ட மாதிரி இருக்கும். தையல்காரன் மகள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எனக்குத்தான் மானக்கேடு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

*

ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். வாந்தி காலையை விட்டுவிட்டு இப்போது சாயங்காலம் வருகிறது. நேரம் மாற்றிக்கொண்டதே தவிர வேலையை விடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடவேண்டி வந்தது. அவர் தன் முகம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீங்களே குனிந்து நிமிர்ந்து எல்லாம் செய்யாதீர்கள். கொத்தனாரை வைத்துக்கொள்ளுங்கள். அத்தை கை இப்போது சரியாக மடங்குகிறதா?

கடை இடிந்ததைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. இந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது, அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேனே, நீலச் சாயம் அடித்த இடம், அங்கே என் தலை எண்ணெய் வட்டமாகக் கறை பிடித்திருக்கும். அந்தக் கல்லும் வந்திருக்கிறதா? தேடிப் பாருங்கள்.

இடுப்பு முப்பதரை. மாப்பிள்ளை அளந்தார். டேப்பைத் தலைகீழாகப் பிடித்து முதலில் இருபத்தொன்பது என்றார்.

உங்கள் பொத்தான்

*

பிப்ரவரி 9

என் பொத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமறிய ஆவல். சாயங்கால வாந்திக்கு அத்தை ஏதோ கசாயம் சொன்னாள். எழுதி அனுப்பச் சொன்னாள். எனக்கே வாந்தி வந்துவிட்டதால் எழுதவில்லை.

கொத்தனார் வைத்தாயிற்று. பேர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை, 'ஆகட்டும்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் உண்டு, இவர் எள் என்றால் 'ஆகட்டும்' என்று சொல்லிவிட்டு நாலு நாள் ஆளே காணாமல் போகிறவர். ஆனால் வந்த நாளில் வேலை சுத்தம்.

பழைய செங்கல்லைச் சுத்தம் பண்ணுவது ஒரு வேலை. நம் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. கைக்கோடரியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினால் காரை அப்பளம் மாதிரி கழன்று வருகிறது. பிறகு இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறேன். 'டங்' என்றால் வெந்த கல். 'தொப்' என்றால் வேகாதது, அதைத் தூக்கித் தோட்டத்தில் போட்டுவிடுகிறேன். காது மந்தமானவனுக்குக் கொடுக்கிற வேலையா இது என்று அத்தை சிரிக்கிறாள். அவள் கேட்டுச் சொல்கிறாள், நான் தட்டுகிறேன். தட்டினதையெல்லாம் தொட்டியில் போட்டு நன்றாகக் கழுவினேன். 'ஆகட்டும்' பார்த்துவிட்டு, "ஏங்க, இவ்வளவு தண்ணி குடுத்தீங்க?" என்றார். குழந்தை தவழுகிற தரை, அழுக்கோடா போடுவது?

நீலக் கல் கிடைத்துவிட்டது. எண்ணெய் வட்டம் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் கழுவவில்லை. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய தரையைப் பெயர்த்தாயிற்று. மண்ணை இடித்துக் கெட்டித்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் மணல், மணல் மேல் கல். சட்டைக்கு உள்துணி கொடுக்கிற மாதிரிதான். சிமெண்டே கிடையாது. "யாரு வேணா ஒரு கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போயிடலாமே" என்று அத்தை கவலைப்படுகிறாள். பிரித்துத் தைக்க முடியாத உடுப்பும் எடுத்துப் போட முடியாத தரையும் எனக்குப் பிடிக்காது. நாளைக்கு ஒன்று சரியில்லை என்றால் என்ன செய்வது?

அளவு எழுத மறக்காதே.

அப்பா

பின்குறிப்பு: அத்தை எழுதுறேன். கடை இடிஞ்சதிலேருந்து உங்கப்பன் சோறு தண்ணி இல்லாம சுவத்தையே பாத்துக்கிட்டு கெடந்தான். நான் பயந்தே போயிட்டேன். இப்பதான் மனுஷனா நடமாடுறான். எல்லாம் உன் வயித்துல இருக்கிறது பண்ணின புண்ணியம். நீ நல்லா இரு.

*

பிப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அத்தையின் வாலும் கிடைத்தன. நான் நலம், வாந்தி ஓடிவிட்டது, இப்போது பசி வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்கே திறந்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் அப்பா. நேற்று கடையில் குனிந்து பெட்டியை எடுத்தபோது உள்ளே ஏதோ புரண்டது. முதலில் பசி என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவையும் புரண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவள் ஓடிவந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்கிறாள், நான் சிரிக்கிறேன். மாப்பிள்ளை வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, என் வயிறு கடமுடா என்றதுதான் கேட்டதாம்.

நீலக் கல்லை ஜன்னலுக்குக் கீழே வையுங்கள். அங்கேதான் வெயில் வரும்.

இடுப்பு முப்பத்திமூன்று. பெருமையாக எழுதுகிறேன்.

உங்கள் பொத்தான்

*

மார்ச் 12

என் செல்லப் பொத்தானுக்கு,

நலம், நலமே விழைகிறேன். புரள்கிறவர் இப்போது உதைக்கிறாரா?

தரை போட்டு முடிந்தது! 'ஆகட்டும்' நூல் கட்டினார், ரசமட்டம் வைத்தார், மரச்சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டி உட்காரவைத்தார். நூல் பிடித்த மாதிரி என்பார்களே, அது இதுதான். இடுக்குகளில் காய்ந்த மணலைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி நிரப்பினோம். நீலக் கல் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது.

ஆனால் செங்கல் செங்கல்தானே, சொரசொரப்பு. கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, என் கை ஊசி குத்திக் காய்த்த கை. குழந்தை முட்டி அப்படியா? அதனால் தேய்ப்புக் கல் ஒன்று வாங்கிவந்து, நீலக் கல்லை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு கல்லாகத் தேய்க்க ஆரம்பித்தேன். காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை. மூக்கில், காதில், டீயில் எல்லாம் செங்கல் பொடி. நேற்றோடு தேய்த்து முடித்தேன்.

முடித்தால் போதுமா? சட்டை தைத்தால் போட்டுப் பார்க்க வேண்டாமா? கால்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு, சுவரிலிருந்து சுவர் வரை நானே தவழ்ந்து பார்த்தேன். எங்கே உறுத்துகிறதோ அங்கே சாக்கட்டியால் குறி போட்டேன். பாதி அறை தாண்டியிருப்பேன், அத்தை உள்ளே வந்தாள். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஊரைக் கூட்டிவிட்டாள். "விழலைக்கா, தவழறேன்" என்றேன். அவள் கிட்டே வந்து குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "அந்த மூலையில ஒரு கல்லு தூக்கிக்கிட்டு இருக்கு பாரு" என்றாள். இருந்தது.

இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலும் வருகிறது. மூன்று சட்டை. ஒன்று பிறந்த உடனே போட, ஒன்று மூன்று மாசத்துக்கு, ஒன்று தவழுகிற வயசுக்கு. பழைய மெல்லிய துணி, பத்து தடவை அலசினது. தையல் எல்லாம் வெளிப்பக்கம் விட்டிருக்கிறேன், உடம்பில் உறுத்தாது. பொத்தான் கிடையாது, நாடாதான். வீட்டில் ஒரு பொத்தான் போதும்.

அளவு எழுது.

அப்பா

*

ஏப்ரல் 3

பொத்தானுக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் காணோம். பார்சல் வந்ததா? வழியில் தொலைந்திருந்தால் சொல், வேறு தைத்துவிடலாம், மூன்று சட்டை என்ன பெரிய விஷயம். அத்தை வீட்டுப் போனிலிருந்து இரண்டு தடவை பேசிப் பார்த்தாள். மாப்பிள்ளை எடுத்து, நீ தூங்குகிறாய் என்றாராம். நிறையத் தூங்கு, நல்லதுதான். எழுந்ததும் இரண்டு வரி எழுது.

அப்பா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தேன். இப்போது பரவாயில்லை. கடைக்கு மறுபடி போகிறேன்.

பார்சல் கிடைத்தது. சட்டைகள் மிகவும் நன்றாக இருக்கின்றன. தையல் வெளியே விட்டிருப்பதைப் பார்த்தேன்.

தரைக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை. நிதானமாகச் செய்யுங்கள். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

மே மாசம் வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன். பிரயாணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லலாம்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 21

என் பொத்தானுக்கு,

காய்ச்சல் போய்விட்டதா? ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவேன் என்று நினைத்தாயா? உள்ளே இருக்கிற ஆளுக்கு ஒன்றும் இல்லையே? அதை நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் நல்லபடியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

டாக்டர் வேண்டாம் என்றால் வராதே. குழந்தை பிறந்ததும் நான் வந்து பார்க்கிறேன், பிறகு எல்லோருமாக இங்கே வரலாம். தரை எங்கே ஓடிப்போகப் போகிறது?

இப்போது எண்ணெய் கொடுக்கிற கட்டம். ஆளிவிதை எண்ணெயை இரண்டு கை பூசிவிட்டால் தூசி எழும்பாது, நிறமும் நன்றாகச் சிவந்து வரும். 'ஆகட்டும்' முதல் தடவையாக 'ஆகட்டும்' சொல்லவில்லை. "இன்னும் ஈரம் இருக்கு, உப்பு வெளிய வரணும், ஒரு கோடை போகட்டும்" என்றார். கோடை போனால் ஜூலை வந்துவிடுமே! நீ வராவிட்டாலும் படம் எடுத்து அனுப்பலாம் அல்லவா? நாளைக்கு நானே பூசிவிடப் போகிறேன்.

நீ போன கடிதத்தில் அளவு எழுதவில்லை. உடுப்பை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். இடுப்பு எழுது. அதோடு தோளிலிருந்து முழங்கால் வரை நீளம், முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுது. நேராக நின்று அள.

அப்பா

*

மே 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். டாக்டர் பிரயாணம் கூடாது என்றுதான் சொல்கிறார்.

இடுப்பு முப்பத்தொன்பது. நீளம் முன்பக்கம் நாற்பத்தொன்று, பின்பக்கம் நாற்பத்தொன்று.

தரை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதைப் பற்றிப் படிப்பதற்குத்தான் உங்கள் கடிதத்தைப் பிரிக்கிறேன்.

உங்கள் மகள்

*

மே 22

அம்மா பொத்தான்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நன்றாகத் தூங்குகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. கடையில் ரொம்ப நேரம் நிற்காதே.

அளவு கிடைத்தது. இனி அனுப்ப வேண்டாம்.

தரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதுகிறேன். நான் எண்ணெய் பூசின தரை பத்து நாளில் வெளுத்துவிட்டது. எண்ணெய்க்கு அடியில் திட்டுத் திட்டாக வெள்ளை. உப்பு வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே பூத்துவிட்டது. தொட்டால் வராது, துடைத்தால் போகாது. "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலை" என்று அத்தை சொன்னாள். சரிதான். துணியை நனைத்துச் சுருங்க விட்டுக் காயவைத்துத்தான் கத்தரிக்கோலை எடுப்பேன் என்று எத்தனை வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக் காரியம் என்றதும் அது தெரியாமல் போயிற்று.

நீ எழுதினதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு 'ஆகட்டும்' வந்தார். எல்லாக் கல்லையும் எடுத்துப் புரட்டிப் போடலாம் என்றார். பழைய கைச்செங்கல், பள்ளம் கிடையாது, இரண்டு முகமும் ஒன்றுதான். மணலில்தானே வைத்திருக்கிறோம், எடுத்தால் வந்துவிடும். அவரும் நானும் அத்தையும் சேர்ந்து, நீலக் கல்லைத் தவிர, எல்லாவற்றையும் புரட்டிவிட்டோம். அதற்கு நான் எண்ணெய் பூசவில்லை, உன் தலை எண்ணெயே போதும் என்று விட்டிருந்தேன்.

இப்போது தினமும் காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் உப்பு மேலே வருகிறது. காய்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறேன். தண்ணீர் விடக் கூடாதாம், விட்டால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடுமாம். எவ்வளவு நாள் வரும் என்று கேட்டேன். "வர்ற வரைக்கும் வரும்" என்றார். அவசரம் இல்லை. வரட்டும்.

நான் தேய்த்த முகமெல்லாம் அடிப்பக்கம் போய்விட்டது. இந்த முறை தேய்க்கவில்லை. நடக்கிற காலுக்கு இது போதும்.

உனக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வா.

அப்பா

*

ஜூன் 4

அப்பா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நடக்கிற காலுக்கு இது போதும் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் வைத்துத்தான் கடிதத்தைப் பிரித்தேன். அந்த வரிக்கு அப்புறம் கடையில் நிற்க முடியவில்லை. உங்களுக்குத் தெரியும், இல்லையா அப்பா? எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது.

மார்ச் மாசம் நடுவில் போய்விட்டது. வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பையன். விரல் நகம்கூட இருந்தது. ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று எனக்கோ அவருக்கோ கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. ஒரு இடம்கூட இல்லை அப்பா, போய் நிற்பதற்கு. அந்தத் துணிகூட நம் துணி இல்லை. ஆஸ்பத்திரித் துணி, முரட்டுத் துணி.

வீட்டுக்கு வந்த அன்று உங்கள் கடிதமும் பார்சலும் வாசலில் இருந்தன. நீங்கள் தவழ்ந்து பார்த்ததைப் படித்தேன். அவர் போன் எடுத்து அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சொல்வேன்? கடை போய் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள் என்று அத்தை எழுதியிருந்தாள். தரைதான் உங்களை எழுப்பி உட்காரவைத்தது. அதையும் பிடுங்கிவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று பயமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பொய் அளவு எழுதுகிற வரைக்கும் போய்விட்டேன். முப்பத்தொன்பது என்று எழுதினேன். உங்களிடம் போய் அளவில் பொய் சொன்னேன்.

அந்த மூன்று சட்டையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டியில் வைக்கிறேன், எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன்.

என்னைத் திட்டுங்கள் அப்பா.

பொத்தான்

*

ஜூன் 13

என் கண்ணே,

திட்டுவதற்கு நீ என்ன தப்புச் செய்தாய்? உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது, அதை மட்டும் முதலில் சொல். வலி இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய்க் காட்டினாயா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? அவரும் பாவம், யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் சுமந்திருக்கிறார். நான் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. ஆனால் நீ பயந்த மாதிரி படுத்துவிடவில்லை. சாப்பிடுகிறேன், காலையில் தரையைப் பெருக்குகிறேன்.

மே மாசம் உன் அளவு வந்த அன்றே எனக்குத் தெரியும். வயிறு முன்னால் வர வர உடுப்பு முன்பக்கம் மேலே ஏறும். அதனால் அந்த மாசத்தில் முன்நீளம் பின்நீளத்தைவிட இரண்டு மூன்று அங்குலமாவது கூட இருக்கும். அதற்காகத்தான் இரண்டையும் கேட்டேன். நீ முன்னும் நாற்பத்தொன்று, பின்னும் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாய். இடுப்பு மட்டும் முப்பத்தொன்பது. அப்படி ஒரு உடம்பு உலகத்தில் கிடையாது கண்ணு. இடுப்பை மனசால் எழுதியிருக்கிறாய், நீளத்தை நிஜமாகவே அளந்து எழுதியிருக்கிறாய். டேப்பைத் தோளில் பிடித்துக்கொண்டு நீ நேராக நின்றது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து என்னடா என்றாள். சொன்னேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தெரியும் என்று உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். உட்கார்ந்து இரண்டு தடவை எழுதினேன், கிழித்துப் போட்டேன். நீயாகச் சொல்கிறபோதுதான் சொல்ல வேண்டும், நான் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று பட்டது. அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குழந்தை மட்டும் இல்லை, மகளும் போய்விடுவாளோ என்று நானும் பயந்தேன். நீ என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாய். நான் உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன். அப்பனும் மகளும் நல்ல ஜோடிதான் போ.

உனக்கு ஒரு உடுப்பு தைத்து முடித்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். உன் பழைய இடுப்புக்கு, நீளம் முன்னும் பின்னும் நாற்பத்தொன்று. மே மாசமே தைத்தது.

ஒரு இடம்கூட இல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற நீலக் கல்லை எடுத்துவிட்டேன். ஓரத்தில் கத்தியை விட்டு நெம்பினதும் வந்துவிட்டது. அடியில் மணல் காய்ந்து, சுத்தமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. காலை வெயில் நேரே அதில்தான் விழுகிறது. மூன்று சட்டையில் சின்னதைக் கொண்டு வா. அதை அங்கே மடித்து வைப்போம். நீ தலை சாய்த்த கல் அதன் மேல் இருக்கட்டும். கல்லை நீயே வை. நான் இடுக்கில் மணல் மட்டும் தூவுகிறேன்.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்.

நீங்கள் வருகிற வரை அந்த ஒரு கல் இடத்தை மூடாமல் விட்டிருக்கிறேன். அத்தை அதில் தடுக்கி இன்னொரு கையையும் உடைத்துக்கொள்வதற்குள் வந்துவிடு.

அப்பா